உப்புக்காற்றில் ஒரு சைடுகார்: தகடா, மரமா, பைபரா?

தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கம், முருங்கை மரத்தடியில், செங்கல் அடுக்கி ஏற்றிவைத்த ஒரு சைடுகார் இருக்கிறது. புல்லட்டுக்கு இடப்பக்கம் மாட்டுகிற ஒற்றைச் சக்கரத் தொட்டி. வாங்கி வந்த அன்று பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. யாரோ பளபளவென்று கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். இருக்கை ரெக்சினைக் கிழித்துவிட்டு, தரைத் தகட்டில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். தட்டவே இல்லை. கையின் கனத்துக்கே, நமத்துப்போன அப்பளத்தில் விரல் இறங்குகிற மாதிரி இறங்கி மறுபக்கம் வந்துவிட்டது. உருவியபோது நுனியில் ஈரமான பழுப்புப் பொடி. அப்பா அதை வாங்கி நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பு உள்ளேயே இருக்குடா" என்றார்.

இந்த வேலையே அப்பாவுக்காகத்தான். நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். இரண்டு வருடம் முன்பு வலது கையும் காலும் வராமல் போய், இப்போது ஊன்றுகோலோடு வாசல்வரை நடக்கிறார். பைக்கில் பின்னால் ஏற முடியாது. ஆட்டோவில் ஏற்றினால் தலையைக் குனிந்து, காலை மடக்கி, இறங்குவதற்குள் முகம் சுருங்கிவிடுகிறது. விடியற்காலையில் படகு கரையேறும் நேரத்துக்கு அவரைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அதற்காக நான்கு மாதம் பட்டறை பட்டறையாகக் கேட்டு, தொட்டுப் பார்த்து, கொஞ்சம் கெடுத்தும் பார்த்து ஒப்பிட்ட விவரங்களை எழுதுகிறேன். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை இந்தக் கரையில் யாராவது இதே யோசனையில் இருந்தால் அவர்களுக்கு உதவும். மதுரைக்காரருக்கோ கோயம்புத்தூர்க்காரருக்கோ என் முடிவு பொருந்த வேண்டியதில்லை. அவர்கள் ஊர்க் காற்று வேறு.

முதலில் காகிதம்

தகடு, வெல்டிங் என்று இறங்குவதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலையை முடித்துக்கொள்ளுங்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 2(27), மோட்டார் சைக்கிள் என்றால் என்ன என்று சொல்லும் இடத்திலேயே, கழற்றி மாட்டக்கூடிய, கூடுதல் சக்கரம் உள்ள சைடுகாரையும் சேர்த்துத்தான் சொல்கிறது. ஆகவே சைடுகார் என்பதே சட்டத்துக்குப் புறம்பான பொருள் அல்ல. ஆனால் பிரிவு 52 இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறிப்போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ(4)இன்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. எனவே வண்டி ஆர்.சி., சைடுகாரின் படம், மாட்டும் விதத்தின் வரைபடம் மூன்றையும் எடுத்துக்கொண்டு போய் முதலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். இன்ஷூரன்ஸ்காரருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். நாளைக்கு ஒரு விபத்து என்றால், தொட்டியில் உட்கார்ந்திருப்பது நம் வீட்டு ஆள்.

"கழற்றி மாட்டக்கூடிய" என்ற அந்த ஒரு சொல்லே இன்னொரு முடிவையும் எடுத்துக் கொடுத்துவிட்டது. வண்டியின் இரும்புச் சட்டகத்தோடு எதையும் வெல்டிங் வைத்து ஒட்டக் கூடாது. எல்லாம் கிளாம்பும் போல்ட்டும்தான்.

தொட்டி: நாலு வழி

எனக்கு முன்னால் இருந்தவை நாலு வழிகள். பழைய தகட்டுத் தொட்டியையே டிங்கரிங் செய்து மீட்பது. ஓடாவியை, அதாவது படகு கட்டும் தச்சரைக் கொண்டு பிளைவுட்டில் புதுத் தொட்டி கட்டுவது. படகு வேலை பார்ப்பவரிடம் பைபரில், அதாவது கண்ணாடி நாரும் ரெசின் என்கிற பிசினும் சேர்த்து, செய்வது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு முழுசாகப் புது சைடுகார் ஒன்றை வெளியூரிலிருந்து வாங்குவது.

எதை வைத்து எடை போடுவது என்பதில்தான் முதலில் குழம்பினேன். விலை, அழகு, கனம், நாள் என்று நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன். வழி காட்டியது பாம்பனில் பைபர் வள்ளம் பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர். நான் விலையைக் கேட்க, அவர் என் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு, மடிப்பு மடிப்பாக விரலை விட்டுத் தடவிக்கொண்டே இருந்தார். "தம்பி, வெளியில தெரியிற இடத்தை நீ துடைச்சிருவ. உன் கை போகாத இடம் எத்தனைன்னு எண்ணு. அத்தனை இடத்துலயும் உப்பு குடியிருக்கும்" என்றார். அன்றிலிருந்து கட்டங்களை அழித்துவிட்டு, ஒவ்வொரு வழியிலும் கை போகாத இடம் எத்தனை என்று மட்டும் எண்ணினேன்.

இது அவர் சொந்தக் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் நூறு வருடத்துக்கு மேல் துருவோடு போராடியதைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டார்கள், பாலிசிலாக்சேன் பூச்சு பூசினார்கள், இணைப்புகளை முழுக்க வெல்டிங் செய்தார்கள். முழு வெல்டிங் என்றால், தகடும் தகடும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து இடுக்கு உண்டாகிற இடங்கள் குறையும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் துருவைச் சோதிக்க மண்டபம் ஊரில் ஒரு நிலையமே வைத்திருக்கிறது என்றால், இந்தக் காற்று எப்பேர்ப்பட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

இனி ஒவ்வொன்றாக.

தகடு

மனசு முதலில் போனது இதில்தான். பழைய தகட்டுத் தொட்டியின் மூக்கில் இருக்கிற வளைவு, கையால் தட்டித் தட்டி எடுத்தது. அதைத் தூக்கி எறிய மனம் வராது. டிங்கரிங் ஆட்களும் ராமநாதபுரத்தில் நிறைய. அழுகிய தரையை வெட்டி எடுத்துவிட்டு 18 கேஜ், அதாவது சுமார் 1.2 மில்லிமீட்டர் தகட்டை வெட்டி வைத்து வெல்டிங் செய்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்தால் வேலை முடிந்தது என்பார்கள்.

முடியாது. தொட்டியின் வாய் விளிம்பைப் பாருங்கள். கை கிழிக்காமல் இருக்க, உள்ளே ஒரு கம்பியை வைத்துத் தகட்டைச் சுருட்டியிருப்பார்கள். சுற்றளவு முழுக்க ஓடும் அந்தச் சுருட்டலுக்குள் தூரிகையும் போகாது, பெயின்ட்டும் போகாது. தரைத் தகடும் பக்கத் தகடும் சேரும் இடத்தில் இரண்டு விரற்கடை மடிப்பு. சக்கரத்து மட்கார்டு தாங்கியின் பின்புறம். இருக்கைக்கு அடியில் வலுவுக்கு வைத்த பட்டைகள். நான் எண்ணியதில் பதினொரு இடம் வந்தது.

அதற்கும் மேல் ஒன்று உண்டு, அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒத்திகையாக முதலில் மட்கார்டை மட்டும் எடுத்து, துருவை கம்பித் தூரிகையால் தேய்த்து, எமரித் தாள் போட்டு, வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் நன்றாகக் கழுவிக் காயவைத்தேன். ரெட் ஆக்சைடு இரண்டு கை, மேலே பெயின்ட் இரண்டு கை. கண்ணாடி மாதிரி வந்தது. இரண்டு மாதத்தில் அம்மைக் கொப்புளம் போல மேலெல்லாம் புடைத்தது. ஒன்றை ஊசியால் குத்தினேன். உள்ளிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தது, கரித்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. கழுவுகிறேன் என்று நானே உப்பைப் பூசி, அதன்மேல் பெயின்ட்டால் மூடிவிட்டிருக்கிறேன். பெயின்ட்டுக்கு அடியில் உப்பு சிக்கினால், அது பூச்சு வழியாகவே காற்றின் ஈரத்தை உறிஞ்சி இழுக்கும். பெயின்ட் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் இழுக்கும்.

ஆகவே தகட்டை மீட்பதென்று முடிவெடுத்தவர்கள், பெயின்ட்டுக்கு ஒதுக்கும் கவனத்தைத் தண்ணீருக்கு ஒதுக்குங்கள். மழைத் தண்ணீரோ, காசு கொடுத்து வாங்கும் குடிதண்ணீரோ மட்டும்தான். இந்த மாவட்டத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீரின் அருமை எனக்கும் தெரியும். அம்மாவிடம் இரண்டு குடம் கேட்கும்போது கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் வேறு வழி இல்லை. துருவைத் தேய்ப்பதற்கு முன்னால் ஒரு கழுவு, தேய்த்த பின்னால் ஒரு கழுவு. தேய்க்கும்போதே உப்பு குழிக்குள் அமுங்கிவிடுவதால் முன்கழுவு முக்கியம்.

சின்ன உருப்படிகளுக்கு, கிளாம்ப், தாங்கி போன்றவற்றுக்கு, வீட்டிலேயே ஒரு நல்ல வழி இருக்கிறது. பிளாஸ்டிக் வாளியில் நல்ல தண்ணீர், அதில் சலவை சோடா ஒரு கைப்பிடி. துருப்பிடித்த பொருளை பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனையில் கட்டித் தொங்கவிட்டு, பாசிட்டிவ் முனையில் ஒரு வேண்டாத இரும்புத் துண்டைக் கட்டி எதிரில் தொங்கவிட வேண்டும். இரண்டும் தொடக் கூடாது. ஒரு ராத்திரியில் துரு கறுத்துச் சகதியாகக் கழன்று வரும். பாசிட்டிவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடவே கூடாது, அதிலுள்ள குரோமியம் நச்சாகத் தண்ணீரில் கரையும். வாயு வரும், அதனால் வெட்டவெளியில் செய்யுங்கள். பக்கத்தில் பீடி, நெருப்பு ஆகாது.

தகட்டுத் தொட்டி வீட்டுக்குள் நிற்கும், வாரம் ஒருமுறை ஓடும் என்றால் மீட்கலாம். வெட்டவெளியில் நின்று, தினம் கடற்கரைக்குப் போய் வரும் வண்டிக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

மரம்

அப்பாவின் ஓட்டு மரத்துக்கு. வத்தையிலும் வள்ளத்திலும் வளர்ந்தவர் வேறு என்ன சொல்வார்? கீழக்கரையில் ஒரு ஓடாவிப் பெரியவரிடம் அழைத்துப்போகச் சொன்னார், போனோம். 6 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட், ஐ.எஸ். 710 முத்திரை உள்ளது, உள்ளே சட்டத்துக்குத் தேக்கு ரீப்பர், திருகெல்லாம் பித்தளை என்று விரலில் எண்ணிச் சொன்னார். கனம் சதுர மீட்டருக்கு நாலு கிலோ சுற்றி வரும், 1.2 மில்லி தகட்டில் அது ஒன்பது கிலோவுக்கு மேல். கதவு எந்தப் பக்கம் கேட்டாலும் வெட்டித் தருவார். அப்பாவும் அவரும் சுறா எண்ணெய் பூசிய காலத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் தயங்கியதற்குக் காரணம் ரோடு. கடலில் மரம் நனைந்துகொண்டே இருக்கும், ஊறி இடுக்கை அடைத்துக்கொள்ளும். வண்டியில் அது நனையும், காயும், மறுபடி நனையும். கூடவே புல்லட்டின் நடுக்கம். ஒவ்வொரு திருகும் தன் துளையை மெல்லப் பெரிதாக்கும். அந்தத் துளை வழியே இறங்கும் ஈரம் பிளைவுட்டின் அடுக்குகளுக்குள் போனால் வெளியில் தெரியாது. வெட்டு விளிம்புகளை ரெசின் தோய்த்து அடைத்தால் தாங்கும்தான், ஆனால் கை போகாத இடம் மறுபடியும் கூடுகிறது. மூக்கின் வளைவும் பிளைவுட்டில் வராது, பெட்டி வடிவம்தான் வரும்.

ஆள் ஏறாமல் ஐஸ் பெட்டியும் மீன் கூடையும் ஏற்றத்தான் சைடுகார் என்றால், யோசிக்காமல் இதையே செய்யுங்கள். தட்டையான பெட்டி, நாலு வருடம் கழித்து ஒரு பலகை போனால் அந்தப் பலகையை மட்டும் மாற்றலாம். அந்த வேலைக்கு இதைவிட நல்லது இல்லை.

பைபர்

நான் தேர்ந்தது இது. காரணம் பைபர் துருப்பிடிக்காது என்பது மட்டும் அல்ல. இந்தக் கரையில் பைபர் தெரிந்த கை ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது. நாளைக்கு ஒரு விரிசல் என்றால் மெட்ராஸுக்கு எழுதிப் போட வேண்டாம், சாயங்காலம் வள்ளத்துக்கு ஒட்டு போட வருகிறவர் நம் தொட்டிக்கும் ஒரு ஒட்டு போட்டுவிட்டுப் போவார்.

பைபரிலும் இரண்டு பாதை உண்டு. ஒன்று, பழைய தொட்டியை அப்படியே விட்டு அதன்மேல் பைபர் ஒட்டி மூடிவிடுவது. பலர் எனக்குச் சொன்னது இதைத்தான், சீக்கிரமும் செலவுக் குறைவும் என்று. தயவுசெய்து செய்யாதீர்கள். உள்ளே இருக்கும் துரு நிற்காது. துரு இரும்பைவிட இடம் அதிகம் பிடிக்கும், உப்பிக்கொண்டே போய் பைபரைத் தகட்டிலிருந்து பெயர்த்துவிடும். முழுத் தொட்டியுமே கை போகாத இடமாகிவிடும்.

மற்றது, பழைய தொட்டியை அச்சாக மட்டும் வைத்துக்கொள்வது. ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்து, எமரி போட்டு வழவழப்பாக்கி, மெழுகு பாலிஷை நாலைந்து தடவை தேய்த்து, அதன்மேல் பைபர் படுக்கவைத்தோம். முறையாகச் செய்வதென்றால் இந்த அச்சின்மேல் ஒரு எதிர் அச்சு எடுத்து, அதற்குள் ஜெல்கோட் என்கிற மேல்பூச்சு ரெசினை அடித்துத் தொட்டி வார்க்க வேண்டும். வெளிப்பக்கம் வார்த்த பளபளப்போடு வரும். பத்துத் தொட்டி செய்பவருக்கு அது சரி. ஒன்றே ஒன்று செய்பவருக்கு இரட்டை ரெசின், இரட்டை நாள். நேராக மேலேயே போட்டதால் எங்களுக்கு உள்பக்கம் வழவழப்பாகவும் வெளிப்பக்கம் சொரசொரப்பாகவும் வந்தது. வெளியைத் தேய்த்துச் சரி செய்ய ஆறு நாள் ஆனது. முகமூடி, முழுக்கைச் சட்டை இல்லாமல் அந்தத் தேய்ப்பில் உட்காராதீர்கள், கண்ணாடி நார்த் தூள் தோலுக்குள் போய் அரித்துக்கொண்டே இருக்கும், நெஞ்சுக்குள்ளும் போகும்.

சதுர மீட்டருக்கு 450 கிராம் உள்ள மேட், அதாவது கண்ணாடி நார் விரிப்பு, ஒரு அடுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம் தரும். சுவருக்கு மூன்று அடுக்கு, தரைக்கும் போல்ட் வரும் இடங்களுக்கும் ஆறு. மேட்டின் எடையைப்போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் பிடிக்கும். சாதாரண ஆர்த்தோ ரெசினைவிட ஐசோ ரெசின் உப்புத் தண்ணீருக்குத் தாங்கும், விலை கூட. இந்த ஒரு இடத்தில் சிக்கனம் வேண்டாம். ரெசினில் முதலில் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டைக் கலக்கி நன்றாகக் கிண்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் இறுகவைக்கும் ஹார்ட்னர் ஊற்ற வேண்டும். கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் நேரடியாக ஒன்றோடு ஒன்று சேர்த்தால் வெடிக்கும். இரண்டு பாட்டிலையும் ஒரே அலமாரியில்கூட வைக்காதீர்கள். எங்கள் ஊர் வெயிலில் கலக்கிய ரெசின் வாளியிலேயே கட்டிக்கொள்ளும், அதனால் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குள் நிறுத்திக்கொண்டோம்.

கழற்றும்போது ஒரு சிக்கல் வந்தது. ரெசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்கி, அச்சைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். தொட்டியின் வாய் வேறு வயிற்றைவிடக் குறுகல். மேலிருந்து இழுத்தால் வராது. பழைய தகடு எப்படியும் போகப்போவதுதானே என்று, உள்ளே இறங்கி கட்டிங் மிஷினால் தகட்டைக் கீற்றுக் கீற்றாக அறுத்து, வாழை மட்டை உரிப்பதுபோல உரித்து எடுத்தோம். பைபரில் நெருப்புப்பொறி பட்டுக் கருகாமல் இருக்க ஒருவர் ஈரச்சாக்கோடு பக்கத்திலேயே நின்றார். அந்த மூக்கு வளைவு மட்டும் அப்படியே புதுத் தொட்டிக்கு வந்து சேர்ந்தது. பழையவரின் கை வேலை அதில் இருக்கிறது.

பைபருக்குக் குறை இல்லாமல் இல்லை. வெயிலில் மேல்பூச்சு வெளுத்துச் சுண்ணாம்பாகும், பி.யு. (பாலியூரிதேன்) பெயின்ட் கட்டாயம். வெட்டிய விளிம்பும் துளைத்த துளையும் நார் தெரிய நின்றால் தண்ணீர் குடிக்கும், ஒவ்வொன்றையும் ரெசின் தடவி அடைக்க வேண்டும். போல்ட் முறுக்கும் இடத்தில் அகலமான தகட்டு வாஷர் வைக்காவிட்டால் அந்த இடம் நொறுங்கும். கை போகாத இடம் எத்தனை என்று எண்ணினேன், இரண்டு. இரண்டுமே கதவுச் சட்டத்தில்.

கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும், பைபர் பக்கம் என்னைச் சாய்த்ததில் அதற்கும் பங்கு உண்டு. பழைய தொட்டிக்குக் கதவே கிடையாது, சுவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். தகட்டில் கதவு வெட்டினால் சுவரின் பலமே போய்விடும். பைபரில் வெட்டும் இடத்தைச் சுற்றி இரண்டு அடுக்கு கூடுதலாகப் போட்டு ஒரு விலா மாதிரி எழுப்பிக்கொள்ளலாம். அப்பா நடமாடுவதைக் கவனித்தே அளவெடுத்தேன். அவரால் காலைத் தூக்கி உள்ளே வைத்து ஏற முடியாது. முதுகைக் காட்டி நின்று, முதலில் உட்கார்ந்து, பிறகு இடது கையால் வலது காலைத் தூக்கி உள்ளே வைத்துக்கொள்வார். ஆகவே மெத்தையின் மேல்பக்கம் ரோட்டிலிருந்து 45 சென்டிமீட்டர், வீட்டு நாற்காலி உயரம். கதவு இடப்பக்கம், அகலம் 60. பிடிமானக் கம்பி இடது கைக்கு.

புதுசு

வெளியூரில் புதிதாகச் செய்து விற்பவர்கள் இருக்கிறார்கள். நேரம் இல்லாதவர், நல்ல வெல்டர் கிடைக்காதவர், வண்டியைத் தொட்டே பழகாதவர் இதை வாங்குவதுதான் சரி. உள்நாட்டு ஊர்களை நினைத்துச் செய்த பூச்சோடுதான் வரும் என்பதை மட்டும் மனதில் வைத்து, வந்த அன்றே அடிப்பக்கத்தைக் கவிழ்த்துப் பார்த்து இடுக்குகளை அடைத்துவிடுங்கள். எனக்கு வேண்டிய கதவு கிடைக்காததால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

சேஸிஸ்: இதில் பழையதை நம்பாதீர்கள்

தொட்டியைத் தாங்கும் குழாய்ச் சட்டகம்தான் சேஸிஸ். தொட்டி உடைந்தால் அசிங்கம், சேஸிஸ் உடைந்தால் உயிர். பழைய சேஸிஸின் ஒன்றரை அங்குலக் குழாயைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். மேலே கிணுகிணு என்றது, கீழ் வளைவில் தொம் என்றது. அந்தத் தாழ்வான இடத்தில் சின்னத் துளை போட்டதும் பழுப்புத் தண்ணீர் ஒரு டம்ளர் அளவுக்கு வடிந்தது. வெளியே பெயின்ட்டில் ஒரு கீறல்கூட இல்லை. குழாயின் உள்பக்கம்தான் இருப்பதிலேயே பெரிய கை போகாத இடம்.

மூன்று யோசனைகள் வந்தன. துருப்பிடித்த பகுதியை மட்டும் வெட்டி ஒட்டுவது: எங்கே முடிகிறது துரு என்று தெரியாமல் எங்கே வெட்டுவது? ஏற்கெனவே துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயில் புது சேஸிஸ் கட்டுவது: வெல்டிங் வைக்கும் இடத்தில் துத்தநாகம் எரிந்து போய்விடும், அந்தப் புகை வெல்டருக்குக் காய்ச்சலைக் கொண்டுவரும், கடைசியில் நமக்கு வேண்டிய இணைப்பிலேயே காப்பு இருக்காது. கறுப்புக் குழாயில் முழுசாகக் கட்டி முடித்துவிட்டு, பிறகு மொத்தமாக உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பது: நான் இதைத்தான் செய்தேன். குழாய் பி கிளாஸ், நீலப் பட்டை போட்டது, ஒன்றேகால் அங்குலம், வெளி விட்டம் 42 மில்லி, சுவர் 3.2 மில்லி. முக்குவதற்கு அனுப்பும் முன் ஒவ்வொரு குழாயின் இரு நுனியிலும் துளை போட வேண்டும். துத்தநாகம் 450 டிகிரி சூட்டில் இருக்கும், மூடிய குழாய்க்குள் காற்றோ ஈரமோ இருந்தால் வெடித்துவிடும். துளை இருப்பதால் துத்தநாகம் உள்ளேயும் ஓடிப் பூசிக்கொள்ளும். கை போகாத இடத்துக்குத் துத்தநாகம் போகிறது. அதற்காகவே இந்தச் செலவு தகும். வந்தபின் அடித்துளைகளைத் தண்ணீர் வடியத் திறந்தே விட்டு, மேலே எப்பாக்ஸி பிரைமரும் பி.யு. பெயின்ட்டும்.

பவுடர் கோட்டிங் அழகுதான். ஆனால் ஒரு கல் தெறித்துப் பெயர்ந்தால், அந்த ஓட்டை வழியே போகும் துரு படலத்துக்கு அடியில் ஊர்ந்துகொண்டே போகும், மேலே ஒன்றும் தெரியாது. இன்னொன்று, விசைப்படகுக்கு வைப்பதுபோல சேஸிஸில் துத்தநாகக் கட்டி வைக்கச் சொல்லும் நல்ல மனசுக்காரர்கள் உண்டு. அது தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும்போதுதான் வேலை செய்யும். காற்றில் தொங்கும் கட்டியால் பக்கத்து இரும்புக்குப் பயன் இல்லை.

மாட்டுவது

கிளாம்ப் மூன்று இடமா, நாலு இடமா? நாலு. கீழே இரண்டு, மேலே இரண்டு. பழைய புல்லட் சட்டம் ஒற்றைச் சக்கரத் தொட்டியை இழுக்கவென்று கட்டியதல்ல, பாரம் பிரிந்து இறங்கட்டும். போல்ட் வலு கூடிய 8.8 முத்திரை உள்ளது. கடைக்காரர் 304 ஸ்டெயின்லெஸ் போல்ட்டைக் காட்டி இதுதான் துருப்பிடிக்காது என்பார். கதவுக் கீலுக்கு அது போதும், பாரம் தாங்கும் இடத்துக்கு வேண்டாம். நம் காற்றில் அதுவும் பழுப்பேறும்.

சக்கரங்களை வரிசை பிடிப்பதற்குச் சமமான சிமென்ட் தரை வேண்டும். கிரில் பட்டறையில் இரண்டு நேரான அலுமினியச் சட்டங்களை இரவல் வாங்கி, ஒன்றை வண்டியின் இரு சக்கரத்தோடும் மற்றதைச் சைடுகார் சக்கரத்தோடும் ஒட்டி வையுங்கள். முன்னால் உள்ள இடைவெளி பின்னால் உள்ளதைவிட 12 முதல் 20 மில்லி குறைவாக இருக்க வேண்டும், அதாவது தொட்டிச் சக்கரம் மூக்கைக் கொஞ்சம் வண்டிப் பக்கம் திருப்பியிருக்கும். தொட்டிச் சக்கரத்தின் அச்சு, பின்சக்கர அச்சைவிட 15 முதல் 23 சென்டிமீட்டர் முன்னால். வண்டி நேராக நிற்காமல் தொட்டிக்கு எதிர்ப்பக்கம், வலப்பக்கம், ஒன்று இரண்டு டிகிரி சாய்ந்திருக்கட்டும். ஓட்டும்போது இடப்பக்கம் இழுத்தால் அந்தச் சாய்வைக் கூட்டுங்கள். இத்தனையும் ஓட்டுபவரும் தொட்டியில் ஆளும் உட்கார்ந்த நிலையில் அளக்க வேண்டியவை.

கியர் பாக்ஸில் செயின் ஓடும் பல்சக்கரத்தில் ஒரு பல் குறைத்தேன், இன்ஜின் திணறவில்லை. தொட்டிச் சக்கரத்துக்கும் பிரேக் வைத்துவிடுங்கள், இல்லையென்றால் பிரேக் அடிக்கும்போது தொட்டி தன் கனத்தில் முன்னே ஓடி வண்டியை வலப்பக்கம் திருப்பும். ஆக்சிலேட்டரை முறுக்கும்போது இதற்கு நேர்மாறாக இடப்பக்கம் இழுக்கும். மெதுவாகப் போகும்போது ஹேண்டில் படபடவென்று ஆடினால் அந்த ஆட்டத்தை அமுக்கும் ஸ்டியரிங் டேம்பர் ஒன்று போட்டால் அடங்கும்.

பைபர் எடுத்தவர்கள் மறக்கக் கூடாதது ஒன்று. தொட்டி கனம் குறைந்தது நல்லதுதான், ஆனால் காலித் தொட்டியோடு இடப்பக்கம் திரும்பினால் சக்கரம் மேலே எழும்பும். நான் தனியாகப் போகும்போது 25 கிலோ மணல் மூட்டையைத் தரையில், சக்கரத்துப் பக்கம் ஒட்டி, கட்டி வைக்கிறேன். முதல் ஒரு வாரம் காலி மைதானத்தில் இடத் திருப்பம் மட்டுமே பழகினேன்.

கண்ணாடித் திரை உயரமாக வைக்க ஆசையாக இருந்தது, அப்பா வேண்டாம் என்றார். ஆடியில் கச்சான் காற்று தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் சாய்த்து அடிக்கும்போது, ராமேஸ்வரத்திலிருந்து மண்டபம் போக பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறினால் தெற்கு நம் இடப்பக்கம், தொட்டி இருக்கும் பக்கம். "உசரமா வச்சா அது படகுப் பாயாயிரும்டா. பாயை விரிச்சிட்டு ரோட்டுல ஓட்டுவியா?" என்றார். 30 சென்டிமீட்டரோடு நிறுத்தினேன். அவ்வளவு உயரமே அவர் முகத்துக்கு எதிர்க்காற்றை மறைக்கிறது.

இப்போது மீதி இருப்பது கதவின் ரப்பர் பட்டையும் மெத்தையும். மெத்தையைக் கழற்றி வெயிலில் போடும்படி, கீழே நாலு ஓட்டையோடு, தொட்டித் தரையைத் தொடாத மரச்சட்டத்தின் மேல் வைக்கப்போகிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் அடிப்பக்கம் கழுவ இரண்டு குடம் நல்ல தண்ணீர் என்று அம்மாவிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். நேற்று சாயங்காலம் மெத்தை இல்லாமலேயே அப்பா உட்கார்ந்து பார்த்தார். கதவைத் தானே சாத்திக்கொண்டு, இடது கையால் விளிம்பைச் சுற்றித் தடவி, கீலுக்கு அடியில் விரலை விட்டார். "இங்கன இன்னும் கொஞ்சம் ரெசின் வை" என்றார்.